சாவிக்காரர் பார்த்துக் கொடுத்த வீடு

இக்கரையில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சாவிக்காரரைத்தான் பார்க்க வேண்டும். வேறு புரோக்கர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள், சாவிக்காரர் ஆள் பார்த்துக் கொடுப்பவர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. இடுப்பில் ஒரு பெரிய வளையம் தொங்கும். ஊரில் காலியாக இருக்கும் வீடுகளின் சாவியெல்லாம் அதில்தான். அவர் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆறு என்று சொல்வது மரியாதைக்குத்தான், பாதி நாள் அதில் சாக்கடைத் தண்ணீர்தான் போகும். அதன்மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை, ஒரு சாமி. அந்தப் பக்கம் வேறு பாஷை, வேறு சாமி. இக்கரைக்காரர்கள் மனதுக்குள் வேண்டிக்கொள்வார்கள், அக்கரைக்காரர்கள் வாய்விட்டு வேண்டிக்கொள்வார்கள். மற்றபடி அதே அரிசி, அதே பருப்பு, அதே முதுகுவலிக்கு அதே தைலம். அவ்வளவுதானே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், இரண்டு கரையிலும் சேர்ந்து அடிக்க வருவார்கள்.

பகலில் கலந்துதான் இருப்பார்கள். அக்கரைக்காரன் இக்கரைக்கு வந்து மின்விசிறி பழுது பார்ப்பான், இக்கரைக்காரி அக்கரைக்குப் போய்க் காய் வாங்குவாள். பொழுது சாய்ந்தால் அவரவர் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. சட்டம் எதற்கு? அதுதான் சாவிக்காரர் இருக்கிறாரே!

வீடு கேட்டு வருகிறவர்களில் அக்கரை ஆட்களும் உண்டு. பாதிப் பேர் இக்கரைப் பாஷையைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார்கள். உடை ஒன்றுதான், நிறம் ஒன்றுதான். எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் மனிதர் கெட்டிக்காரர். வளையத்தைக் கழற்றி வந்தவர் கையில் கொடுப்பார். "கண்ணு சரியாத் தெரியல. இதுல எத்தனை சாவி இருக்குன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன்" என்பார். எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் எண்ணும்போது தாய்ப்பாஷைதான் உதட்டில் வரும். சாவிக்காரரின் கண்ணுக்கா கோளாறு? உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கைக்குழந்தையோடு வந்தால் வேறு வழி. "அடடா, யாரு இந்தத் தங்கம்" என்று கொஞ்சுகிற சாக்கில் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவார். குழந்தைகள் எந்தப் பாஷையிலும் அழுவதில்லை. ஆனால் பெற்றவள் பதறிப்போய் அள்ளி அணைத்து, 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று சமாதானம் சொல்லுவாள் அல்லவா? அந்தச் சமாதானம் எந்தப் பாஷையில் வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அக்கரைப் பாஷையில் வந்தால், "அடடா, இந்த வீட்ட நேத்துதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாங்க, மறந்தே போயிட்டேன் பாருங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருமுறை மழையில் வந்து நின்ற ஒரு நர்ஸம்மாவையும் கால் விளங்காத அவர் புருஷனையும் அப்படித்தான் பாலம்வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். குடையும் பிடித்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதையெல்லாம் அவர் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். முப்பது வருஷத்தில் இக்கரையில் வாசல் வைத்த வீட்டுக்கெல்லாம் அவருடைய கிள்ளும் சாவிக்கொத்தும் பழக்கமாகிப்போனது. அதோடு இன்னொரு முறையையும் ஏற்படுத்தியிருந்தார். ஏமாற்றிக் குடிவந்தவர்களைக் காலி செய்யவைக்கும்போது, அவர்களுடைய மூட்டைகளைப் புரோக்கரே பிரித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். வீட்டுக்காரரின் பொருள் எதுவும் போய்விடக்கூடாது பாருங்கள்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மனிதப் புவியியல் படிக்கிறாளாம். எந்தத் தெருவில் எந்த மொழி, எந்த மதம் என்று நிறம் பூசிய வரைபடம் ஒன்று கையில் வைத்திருந்தாள். சாவிக்காரர் அதை வாங்கி மேசைமேல் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலு வீடுகளின் நிறத்தைத் திருத்திக் கொடுத்தார். அந்தப் பெண் அசந்துபோனாள்.

"ஏன் சார் இப்படித் தனித்தனியா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அது என்னம்மா, மனுஷங்கன்னா அப்படித்தான். அவங்கவங்க ஆளுங்களோட தானாவே சேர்ந்துக்கறாங்க" என்றார் சாவிக்காரர்.

தானாகவாம்! அந்தப் பெண்ணும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். இந்நேரம் அது எங்கேயாவது அச்சாகியும் இருக்கும்.

சாவிக்காரருக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாலத்தடியில் ஒரு செல்போன் கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்கு எதிரே லாரி பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்றும் பட்டறை. அங்கே வேலை செய்த அக்கரைப் பையன் ஒருவனோடு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். ஊரெல்லாம் மோப்பம் பிடிக்கிற மனிதருக்குத் தன் வீட்டில் நடந்தது கடைசிவரை தெரியவில்லை.

அவர் அழுதார், இல்லை என்று சொல்லக்கூடாது. இரண்டு நாள் வளையத்தை எடுக்காமல் வீட்டிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். வேறு என்ன செய்வார்? அதற்கு முந்தின வருஷம்தான் டீக்கடைக்காரர் தங்கை அக்கரைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்து, ஒரே வாரத்தில் அந்தக் கடையில் ஈ ஓட்டும்படி ஆக்கிவிட்டார்கள். டீக்கடைக்கே அப்படி என்றால், ஆள் பார்த்துக் கொடுக்கிறவர் மகளுக்கு? ஒருத்தர் விடாமல் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள். அவர் குடியிருந்ததே வாடகை வீடுதான். ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவருக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது.

அதனால் பொய்யை ஒழுங்காகவே பராமரித்தார். அங்கே ரொம்பக் குளிராம், பாப்பாவுக்குச் சளி பிடித்துவிட்டதாம், முதலாளி நல்ல மனிதராம். இதையெல்லாம் வாசலில் நின்று அவர் சொல்லும்போது அவர் மனைவி உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பாள். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள்தான் வாரம் ஒருமுறை காய் வாங்கப் போகும் சாக்கில் பாலத்தில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறவள் ஆயிற்றே!

அக்கரையில் பாப்பா சொகுசாக ஒன்றும் வாழவில்லை. அங்கேயும் ஒரு சாவிக்காரர் இருக்கமாட்டாரா என்ன? இக்கரைக்காரி என்று தெரிந்ததும் மூன்று வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். மாமியார் ஒருத்திதான் அவளைச் சேர்த்துக்கொண்டாள். தலை வாரிவிட்டாள், தங்கள் பாஷையைக் கற்றுக்கொடுத்தாள், பயம் வந்தால் எப்படி வேண்டிக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாளே மூத்த மகன் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். பேட்டரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆசிட் நெடியில் கண் எரியும். பாப்பாவுக்கு எட்டாவது மாதம். இந்தப் புகையில் பச்சைக்குழந்தையை வைத்திருந்தால் பிழைக்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மனைவி அதைச் சாப்பாட்டு நேரத்தில் சாவிக்காரரிடம் போட்டு உடைத்தாள்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வீடு பாத்துத் தரீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு ரூமு இல்ல. அந்த வளையத்துல பதினோரு சாவி தொங்குது, எனக்கென்ன கண்ணா இல்ல?"

"வெளங்காமப் பேசாத. விஷயம் தெரிஞ்சா நாமளும் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"நிப்போம். அவ மட்டும் எங்க நிக்கறாளாம்?"

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார். மறுநாள் பாலத்துக்குப் போய், ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று மகளைப் பார்த்தார். கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். பெற்ற வயிற்றுக்குத்தான் பற்றியெரியுமா, அவருக்கும் பற்றியெரிந்தது. "பாப்பா" என்று லாரிக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டார். அவள் திரும்பி அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, "அப்பா, எவ்ளோ எளைச்சுட்டீங்க!" என்றாள். அவர் உடைந்துபோனார்.

சாவிக்காரர் தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் திருட்டுத்தனமாக ஒரு வீடு பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், இக்கரையின் கடைசித் தெருவில் தையல் டீச்சரம்மா வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஒரு சமையலறை, தனி வாசல். பாப்பாவை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஆள் பார்ப்பதில் சாவிக்காரரையே தூக்கிச் சாப்பிடுகிறவர். அதனால்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தார். டீச்சரம்மா வீட்டில் குடியிருக்கிறார்கள் என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் ஒரு வாரம் மருமகனுக்குப் பாடம் நடந்தது. காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மூன்று பேரும் பகலில் உட்காருவார்கள். அந்தப் பையன் நல்ல மாதிரி. ஆசிட் பட்டுப் பட்டு விரலெல்லாம் ஓட்டை, மனதில் மட்டும் ஒரு கல்மிஷமும் இல்லை. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து இக்கரைப் பாஷையில் நூறுவரை எண்ணவைத்தார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவன் தாய்ப்பாஷை எட்டிப்பார்க்கும். உடனே மண்டையில் ஒரு குட்டு.

"மாமா, வலிக்குது மாமா!"

"வலிக்கட்டும். மொதல்ல மாமான்னு கூப்பிடறத நிறுத்து. எந்த ஊர்ல குடியிருக்க வந்தவன் புரோக்கர மாமான்னு கூப்பிடறான்?"

திடீரென்று காலை மிதிப்பார். 'ஐயோ' இக்கரைப் பாஷையில் வர வேண்டும். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிப் பேர் கேட்பார். பாப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த ஒரு வாரம் சாவிக்காரர் சந்தோஷமாக இருந்தார். முப்பது வருஷமாக மனிதர்களை வடிகட்டக் கற்ற வித்தையெல்லாம், வடிகட்டியில் மாட்டாமல் ஓர் ஆளை அனுப்புவதற்குப் பயன்பட்டதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"எனக்கு ஒண்ணும் சொல்லித்தர வேணாமாப்பா?" என்று ஒருநாள் பாப்பா கேட்டாள்.

"உனக்கு என்னத்தச் சொல்லித்தர? நீ என் பொண்ணு" என்றார் அவர்.

அந்தப் பேச்சோடு விட்டுவிட்டார். ஆயிரம் பேரை எண்ணவைத்த மனிதர், மகளை ஒருதரம், சும்மா விளையாட்டுக்காவது எண்ணவைத்திருக்கலாம். ரத்தம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார். மூன்று வருஷமாக அவள் எந்தப் பாஷையில் சண்டை போட்டாள், எந்தப் பாஷையில் அழுதாள், யார் மடியில் படுத்துக்கொண்டாள் என்பதெல்லாம் அவர் யோசித்தே பார்க்கவில்லை.

குடிபோகிற அன்று டீச்சரம்மாவிடம் சாவிக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "நம்ம ஆளுங்கம்மா." அந்த வார்த்தைக்கு இக்கரையில் திறக்காத கதவு கிடையாது. இருந்தாலும் டீச்சரம்மா விடுவாரா? சாவிக்கொத்தை வாங்கிப் பையன் கையில் கொடுத்தார். பையன் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேன் மாதிரி எண்ணி முடித்தான். "பதினொண்ணு இருக்குங்கம்மா" என்றான். சாவிக்காரர் அப்பாடா என்று மூச்சு விட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரியை நிற்கவைத்து டீச்சரம்மா ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள போய்ப் படும்மா" என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒருநாள், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட ஒருநாள் என்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு சாவிக்காரர் போய்வருவார். மகள் டீ போட்டுக் கொடுப்பாள். குரலைத் தாழ்த்தித் திட்டம் போடுவார்கள். பிரசவத்துக்கு உதவியாக ஓர் ஆயாவை ஏற்பாடு செய்கிறேன் என்று டீச்சரம்மாவிடம் சொல்வது, அந்த ஆயாவாகத் தன் மனைவியையே அனுப்பிவைப்பது. டீச்சரம்மா அவளைப் பார்த்ததில்லை. பெற்ற தாய் வேலைக்காரியாக வந்து மகளுக்கு வெந்நீர் போடுவாள். அதுகூட வேடிக்கையாகத்தான் இருந்தது அவர்களுக்கு. மனைவி பையில் துணிமணியெல்லாம் எடுத்துவைத்துத் தயாராக இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை டீச்சரம்மா ஆள் அனுப்பினார், உடனே வரச்சொல்லி.

சாவிக்காரர் ஓட்டமும் நடையுமாகப் போனார். வலி வந்துவிட்டது என்றுதான் நினைத்தார். உள்ளே போனால், டீச்சரம்மா தையல் மெஷினுக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில். மருமகன் வேலைக்குப் போயிருந்தான்.

"வாங்க. நீங்க பாத்துக் குடுத்த லட்சணத்தப் பாருங்க" என்றார் டீச்சரம்மா. "மெஷின் ஓடிட்டிருந்தா ஒண்ணும் கேக்காது. நிறுத்தினா சுவத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு விடறதுகூடக் கேக்கும். நாலு நாளாக் கேட்டுட்டிருக்கேன். விடியக்காலைல எந்திரிச்சு இவ வாய்விட்டு வேண்டிக்கறா. அதுவும் எந்தப் பாஷைல? சுத்தமான அக்கரைப் பாஷை. ஒரு எழுத்து பிசகல."

சாவிக்காரர் பாப்பா பக்கம் திரும்பினார்.

"எனக்கு பயமா இருக்குங்கம்மா" என்றாள் பாப்பா. "மொதப் பிரசவம். பயந்தா அதுதான் வாய்ல வருது. எங்க அத்தை சொல்லிக் குடுத்தது."

"கேட்டீங்களா? அத்தையாம்! அப்பன்கூடப் பொறந்தவ சொல்லிக் குடுத்தாளாம்!" என்று டீச்சரம்மா சாவிக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தப் பையன் பாவம், தங்கமான பையன். அவன் நம்ம ஆளு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான்தான் எண்ணவெச்சுப் பாத்தேனே. இவதான் அக்கரைக்காரி. அவன மயக்கிக் கட்டிக்கிட்டு நம்ம தெருவுக்குள்ள நொழைஞ்சிருக்கா. நீங்களே சொல்லுங்க, இவ யாரு?"

இவ யாரு என்று கேட்டால் பதில் இரண்டே வார்த்தைதான். என் பொண்ணும்மா. பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லுவார் என்று நம்பினாள். அதுதான் அந்தப் பார்வையில் இருந்தது, வேறொன்றும் இல்லை.

சாவிக்காரர் யோசித்தார். யோசித்ததுதான் அவர் செய்த பாவம். என் பொண்ணு என்றால், வெளிநாட்டிலிருப்பவள் இங்கே எப்படி வந்தாள்? புருஷன் யார்? மத்தியானத்துக்குள் பேட்டரிப் பட்டறைவரை போய் விசாரித்துவிடுவார்கள். சாயந்தரத்துக்குள் இடுப்பில் வெறும் வளையம்தான் தொங்கும். அடுத்த நாள் தன் வீட்டுக்காரரும் வாசலில் வந்து நிற்பார். எப்படியும் இந்த வீடு போனதுதான், எதைச் சொன்னாலும் போனதுதான். அப்படியிருக்க, எல்லாரும் சேர்ந்து தெருவில் நிற்பதில் யாருக்கு என்ன லாபம்? அவர் மனது அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது.

"தெரியாமப் போச்சும்மா" என்றார். "என்னையே ஏமாத்திட்டாங்க."

"உங்க கண்ணையா? முப்பது வருஷத்துல ஒருதரம்கூட நீங்க ஏமாந்ததில்லையே?"

டீச்சரம்மா நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பவைக்க வேண்டியிருந்தது.

"அக்கரைக்காரிங்க லேசுப்பட்டவளுங்க இல்லம்மா" என்றார் சாவிக்காரர். "நம்ம பாஷைய நம்மளவிட நல்லாப் பேசுவாளுங்க. வயித்தத் தள்ளிட்டு வந்து நின்னா நாம எரக்கப்பட்டுருவோம்னு அவளுங்களுக்குத் தெரியும்."

பாப்பா சுவரில் வைத்த கையை எடுத்தாள். அப்படியே மெல்லக் குந்தி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அப்பனை நேராகப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி, சாமானக் கட்டச் சொல்லுங்க. நீங்க பாத்துத்தான் வெளிய விடணும்" என்றார் டீச்சரம்மா.

சாமான் என்ன பெரிய சாமான்? இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம். பாப்பா உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். குனிய முடியாமல் காலால்தான் தள்ளினாள். சாவிக்காரர் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். முதல் மூட்டையில் புடவை, போர்வை, மருமகனுடைய ஆசிட் பொத்தல் விழுந்த பேண்ட். இரண்டாவது மூட்டையில் சின்னச் சின்னத் துணிகள். குழந்தைச் சட்டைகள், தலைக்குக் கட்டும் துணி, இடுப்புத் துண்டுகள். எல்லாமே வெளிர் நீலத்தில் மெல்லிய கோடு போட்ட துணி.

அவருடைய முழுக்கைச் சட்டை. இரண்டு சட்டையைக் காணோம் என்று போன மாதம் வீட்டில் கத்தியிருந்தார். பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

டீச்சரம்மா குனிந்து ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தொழில் பார்த்த கண் அல்லவா?

"ஆம்பிளைச் சட்டைய வெட்டித் தெச்சிருக்கு. காலர் பிரிச்ச தடம் தெரியுது பாருங்க. கைத்தையல்தான், ஆனாச் சுத்தம். துணிதான் நைஞ்சுபோச்சு. எவனோ போட்டுக் கழிச்சது" என்றார். "நம்ம வீட்டுத் துணி எதுவும் இல்லையே?"

"இல்லம்மா. அவங்களதுதான்."

ஒவ்வொன்றையும் பிரித்து உதறிக் காட்ட வேண்டும், அது முறை. அவரே வைத்த முறை. சாவிக்காரர் பதினான்கு துணியையும் பிரித்து உதறிக் காட்டினார். பாப்பா நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். உதறியதை மடித்துவைக்க அவர் கையை நீட்டியபோது, அவள் துணியை வெடுக்கென்று இழுத்து, தானே சுருட்டிக் கட்டினாள்.

டீச்சரம்மாவுக்கும் என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். கல்நெஞ்சக்காரி என்று பேர் வந்துவிடக்கூடாது பாருங்கள். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"உங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கும். பொண்ணப் பெத்தவராச்சே. பாப்பா எப்படி இருக்கா? அந்த ஊர்ல சவுக்கியமா இருக்காளா?"

"இருக்கா" என்றார் சாவிக்காரர். "சவுக்கியமா இருக்கா."

பாப்பா ஒரு மூட்டையைத் தோளிலும் ஒரு மூட்டையைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். ஸ்டவ்வைத் தூக்க முடியவில்லை, வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர்த் தொட்டிவரை சென்று ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினாள். தெருவில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாவிக்காரருடைய கால் ஒரு எட்டு முன்னால் போனது. "பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போங்க" என்று டீச்சரம்மா பின்னாலிருந்து சொன்னார். "அடுத்த தரமாவது நல்ல ஆளாப் பாருங்க. தப்ப ஒத்துக்கிட்டீங்களே, அதுக்காகத்தான் மறுபடியும் உங்ககிட்டயே குடுக்கறேன்." அவர் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், சாவியை வளையத்தில் கோத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கும்போது தெருவில் அவள் இல்லை.

அன்று அவர் வேலைக்குப் போனார். இரண்டு பேருக்கு வீடு காட்டினார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தலைவாரிப் பூச்சூடி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயாவாகப் போவது நாளைக்குத்தான். அவளுக்கு இருப்பு கொள்ளவில்லை.

"அந்த வீட்டக் காலி பண்ணிட்டாங்க" என்றார்.

"யாரு?"

அவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றிரண்டை விட்டுவிட்டுத்தான் சொன்னார். மனைவி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"எந்தப் பக்கம் போனா?"

"பாலத்துப் பக்கமாத்தான் இருக்கும்."

"கொழந்தைக்குத் தெச்சுக் குடுத்தேனே, அந்தத் துணியெல்லாம் எடுத்துட்டுப் போனாளா, இல்ல அங்கயே விட்டுட்டுப் போயிட்டாளா?"

"எடுத்துட்டுத்தான் போனா" என்றார் சாவிக்காரர். "நான்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன்."